ஒன்பது நாள் நிற்காத மோட்டார்

“மிஷின் தப்பா எழுதாதுப்பா” என்று நான் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. மூன்றே சொல். அந்த மூன்று சொல்லில் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. சொல்லி இரண்டு நாள் கழித்துத்தான் அது எனக்கே தெரிந்தது.

கேட்டவர் எங்கள் தெருக்காரர். எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு. மரக்காணம் உப்பளத்தில் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதுவானாலும், செல்போன் சூடாகிறது என்பதுவரை, என்னிடம்தான் கொண்டுவருவார். அன்று ஒரு தாளைக் கொண்டுவந்திருந்தார்.

“சார், இத மட்டும் பாத்து சொல்லிடுங்க. மூணாவது ஷெட்டு மோட்டாரு. இந்த மாசம் ஒம்போது நாளு நிறுத்தாமயே வீட்டுக்குப் போயிருக்குது அந்தப் பொம்பள. போன செவ்வாக்கெழம நாலு பாத்தி உப்பு கரஞ்சி போச்சு. கேட்டா, நான் நிறுத்திட்டுத்தான் போனேன்னு சாதிக்குது.”

அவருக்கு மூன்று மோட்டார் ஷெட்டுகள் இருக்கின்றன. உப்பங்கழியிலிருந்து தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுவது அவற்றின் வேலை. சென்ற வருடம் ஒவ்வொரு ஷெட்டிலும் உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்ப் பெட்டியைப் புதுச்சேரிக் கடைக்காரர் ஒருவரை வைத்துப் பொருத்தினார். மோட்டார் போட்டது, நிறுத்தியது, வாய்க்காலில் தண்ணீர் வந்தது, வற்றியது எல்லாவற்றையும் அது நேரத்தோடு எழுதிவைத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒருமுறை, எழுதியதை சிம் வழியாக அவர் செல்போனுக்கு அனுப்பும்.

தாளைப் பார்த்தேன். வேலை நாள் இருபத்தேழு. மோட்டார் போட்டதாக இருபத்தேழு வரி. நிறுத்தியதாகப் பதினெட்டு வரி. ஒன்பது குறைகிறது. மற்ற இரண்டு ஷெட்டுகளில் இருபத்தேழுக்கு இருபத்தேழு சரியாக இருந்தது.

அப்போதுதான் அந்த மூன்று சொல்லைச் சொன்னேன்.

எனக்கு அவ்வளவு நிச்சயம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும். நான் முப்பத்துமூன்று வருடம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்கான மென்பொருள் பிரிவில் இருந்தவன். ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. கம்ப்யூட்டரில் மற்ற நிரல்களுக்கெல்லாம் அடியில் இருந்து வேலை செய்யும் நிரலைக் கெர்னல் என்பார்கள். சின்னக் கருவிகளுக்கான ஒரு கெர்னலை, ஒருவரையொருவர் பார்த்திராத சிலர் பல ஊர்களில் இருந்துகொண்டு சம்பளம் இல்லாமல் பராமரிக்கிறோம். ஒருவர் திருத்தம் எழுதி அனுப்பினால், இன்னொருவர் வரிவரியாகப் படித்துக் குறை சொல்லி, சரியாக இருந்தால் சரி என்று எழுத வேண்டும். அந்தப் படிக்கிற வேலை என்னுடையது. ஆறு வருடத்தில் 143 திருத்தங்களைப் படித்திருக்கிறேன். அந்த உப்பளப் பெட்டிக்குள் ஓடுவது எங்கள் கெர்னல். அது தெரிந்த நாளில் என் மனைவியிடம் இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். “ஒரு தடவை சொன்னா போதும், காது கேக்குது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெண் எங்கள் வாசலுக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. பாதங்கள் உப்பில் வெளுத்து வெடித்திருந்தன. கேட்டைத் திறக்கவில்லை. வெளியிலிருந்தே கேட்டாள்.

“நீங்கதானா சார் அந்த கம்ப்யூட்டர் சாரு?”

“ஆமாம்மா. யாரு நீங்க?”

“பொய்க்காரிங்க. நேத்து காலையில இருந்து எனக்கு அதான் பேரு. பதினோரு பேர் முன்னாடி மொதலாளி சாவிய புடுங்கிக்கினாரு. கம்ப்யூட்டர் சாரே பாத்து சொல்லிட்டாரு, மிஷின் தப்பா எழுதாது, நீதான் பொய் சொல்றேன்னாரு. என்ன நீங்க பாத்திருக்கீங்களா சார்? என் மோட்டார பாத்திருக்கீங்களா?”

இல்லை என்றேன். ஒரு தாளைப் பார்த்து நான் சொன்னதை ஒரு ஆள் மேல் தீர்ப்பாக வைத்துவிட்டார்கள் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

“பதிவுல இல்லம்மா. நிறுத்துனதா இருந்தா…”

“இன்னா சார் பதிவு? நான் படிக்காதவ, நீங்களே சொல்லுங்க. காலையில ஆறு மணிக்கு நான் மோட்டார் போட்டேன்னு அதுல இருக்குதா?”

“இருக்கு. இருபத்தேழு நாளும் இருக்கு.”

“ராத்திரி பூரா ஓடிக்கினே இருந்த மோட்டார காலையில வந்து எப்படி சார் போடுவேன்? எரியற பல்பை மறுபடியும் எரிய வைப்பீங்களா உங்க வீட்ல?”

அவள் விடவில்லை.

“ஒம்போது ராத்திரி ஓடியிருந்தா ஒரு நாளைக்கு மட்டும்தான் பாத்தி கரையுமா? மிச்ச எட்டு நாளு தண்ணி எங்க போச்சு, ஒங்க வூட்டுக்கா வந்துச்சு?”

முப்பத்துமூன்று வருடம் எக்ஸ்சேஞ்சில் நான் செய்த முதல் வேலையே அதுதான். ஒவ்வொரு அழைப்புக்கும் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. இரண்டு தொடக்கங்களுக்கு நடுவில் முடிவு இல்லையென்றால் பேசினவனைச் சந்தேகப்பட மாட்டோம், எழுதினதைச் சந்தேகப்படுவோம். ஓடுகிற மோட்டாரின் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் ஆகாது, வரியும் விழாது. போட்டது இருபத்தேழு வரி என்றால் நிறுத்தியதும் இருபத்தேழு முறைதான். தாளிலேயே அது இருந்தது. இருபத்தேழையும் பதினெட்டையும் எண்ணிய நான், கழித்துப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

என் மனைவி உள்ளிருந்து வந்து கேட்டைத் திறந்தாள். “வெயில்ல நிக்க வெச்சே பேசுவீங்களா?” என்று என்னைத்தான் கேட்டாள். அந்தப் பெண் உள்ளே வந்து மோர் குடித்தாள். உட்காரவில்லை.

நான் தாளைத் திரும்ப எடுத்து, விடுபட்ட ஒன்பது நாள்களையும் பென்சிலால் வட்டமிட்டேன். மூன்றாவது வேலை நாள், ஆறாவது, ஒன்பதாவது, பன்னிரண்டாவது. கடைசிவரை அப்படியே. மறதிக்காரர் யாரும் இப்படி மூன்று நாளுக்கு ஒருமுறை தவறாமல் மறக்க மாட்டார்.

“ஏம்மா, மூணு நாளைக்கு ஒரு தரம் அங்க என்ன பண்றீங்க? சாயங்காலத்துல?”

“ஒண்ணும் பண்றதில்ல. மோட்டார நிறுத்துவேன், கம்பிய கழுவுவேன், பூட்டுவேன், போவேன்.”

“எந்தக் கம்பி?”

“வாய்க்கால்ல தொங்குதே, ஒங்க மிஷினு கம்பி. ரெண்டு இருக்குது. உப்பு ஏறிப்போயிரும். தெனமும் ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்துவேன். மூணு நாளைக்கு ஒரு தரம் தேங்கா நாரு போட்டு நல்லா தேய்ப்பேன். கழுவலன்னா ரெண்டு மாசத்துல தின்னுடும் சார் உப்பு. இரும்புன்னு எது இருந்தாலும் கழுவிட்டுத்தான் போவோம் நாங்க.”

அன்று மாலை அவளையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் உப்பளத்துக்குப் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே இறங்கியதும் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஐந்து மணிக்கும் பாத்திகள் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தன. ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து மூன்றாவது ஷெட்டுக்கு வரப்பில் 412 அடி. அவ்வளவு அடியும் வழுக்குமோ வழுக்குமோ என்றே நடந்தேன். ஷெட் பூட்டியிருந்தது. ஆனால் கம்பிகள் வெளியே வாய்க்காலில்தான் தொங்கின. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் ‘தண்ணீர் இருக்கிறது’ என்று ஒரு வரி. விட்டுப்போனால் ‘இல்லை’ என்று ஒரு வரி.

“எப்பவும் தேய்க்கிற மாதிரி தேயுங்க” என்றேன்.

அவள் குந்தி உட்கார்ந்து, கம்பிகளை வெளியே தூக்கி, தண்ணீர் ஊற்றி, நாரால் தேய்த்தாள். மேலும் கீழுமாக, ஒவ்வொரு கம்பியையும், நடுவில் ஒட்டிய உப்பையும். நான் எண்ணினேன். நாற்பது விநாடியில் 118 தேய்ப்பு. ஒவ்வொரு தேய்ப்பிலும் ஈர நார் இரண்டு கம்பியையும் தொட்டுத் தொட்டு விடுகிறது. தொட்டால் ஒரு வரி, விட்டால் ஒரு வரி. ஒரே தேய்ப்பில் இரண்டு மூன்று முறைகூடத் தொடும்.

திரும்பும் வழியில் இரண்டாவது ஷெட்டின் கம்பிகளையும் பார்த்தேன். கட்டைவிரல் கனத்துக்கு உப்பு கட்டி இரண்டும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. வாய்க்கால் வற்றினாலும் ‘தண்ணீர் இருக்கிறது’ என்றே அது சொல்லும். ஒரு சலனமும் இல்லாத பதிவு. இருபத்தேழுக்கு இருபத்தேழு.

“இத யாரும் கழுவறதில்லையா?”

“இந்த ஷெட்டுக்காரனா? அவன் மூஞ்சியே கழுவ மாட்டான்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுவாதவன் பதிவில் குறையில்லை. கழுவினவளுக்கு வேலை இல்லை. இதை நினைத்தபோது வரப்பிலேயே நின்றுவிட்டேன். “வாங்க சார், இருட்டிடும்” என்று அவள்தான் கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் சோதனை செய்தேன். அதே வகைப் பெட்டி ஒன்று திருத்தங்களைப் பரிசோதிக்க என்னிடம் உண்டு. ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீர், இரண்டு கம்பி, ஒரு துண்டுத் தேங்காய் நார். மோட்டாருக்குப் பதில் ஒரு சுவிட்ச்.

“அது ரசம் வைக்கிற கிண்ணம்” என்றாள் மனைவி.

“கழுவிக் குடுத்துடறேன்.”

“கழுவாதீங்க. கழுவினா வேலைய விட்டு எடுத்துடுவாங்களாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுவிட்சை நிறுத்தினேன். நாற்பது விநாடி தேய்த்தேன். பதிவைப் பார்த்தேன். நிறுத்தியது இல்லை. பத்து முறை செய்தேன். பத்து முறையும் இல்லை. அதுகூட என்னை அவ்வளவு உலுக்கவில்லை. செய்திகள் தொலைவது உண்டு. கெர்னலில் செய்திகளை வைக்க 256 இடங்கள்தான் இருக்கின்றன, வட்டமாக. எழுதுகிறவன் ஒவ்வோர் இடமாக எழுதிக்கொண்டே போவான். எடுத்து அனுப்புகிறவன் பின்னாலேயே வந்து எடுத்துப்போவான். எடுக்கிறவன் நிமிடத்துக்கு ஒருமுறைதான் வருகிறான் என்றால், அதற்குள் 256-க்கு மேல் எழுதப்பட்டால், பழையதன் மேல் புதியது எழுதப்படும். இதைத் தவிர்க்க முடியாத நேரம் வரும். அதற்காகத்தான், ‘இந்த இடத்தில் இத்தனை செய்திகள் தொலைந்தன’ என்று ஒரு வரி எழுதும் பகுதியும் கெர்னலில் உண்டு. தொலையலாம். ஆனால் தொலைந்தது என்று சொல்லியாக வேண்டும்.

பத்து முறையில் ஒருமுறைகூட அந்த வரி வரவில்லை. என்னை உட்காரவைத்தது அதுதான்.

அந்தப் பகுதியைத் திறந்தேன். மொத்தம் 64 வரி. எழுதுகிறவன் எந்த இடத்தில் இருக்கிறான், எடுக்கிறவன் எந்த இடத்தில் இருக்கிறான், வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துத் தொலைந்ததைக் கணக்கிடுகிறது. பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டப்பந்தயம் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒருவன் இன்னொருவனை ஒரு முழுச் சுற்று முந்திவிட்டால், பார்க்கிறவர் கண்ணுக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடுவார்கள். எத்தனை சுற்று ஆயிற்று என்று ஒருவர் எண்ணிக்கொண்டு நின்றால்தான் உண்மை தெரியும். பழைய நிரலில் சுற்றை எண்ணுவதற்கு ஒரு எண் இருந்தது. இதில் இல்லை. நாற்பது விநாடியில் முந்நூறு செய்தி விழுந்து, எழுதுகிறவன் ஒரு முழுச் சுற்றைத் தாண்டிப் போயிருந்தாலும், இது ‘நாற்பத்துநான்கு புதுச் செய்தி, தொலைந்தது ஒன்றுமில்லை’ என்று முடிவு செய்கிறது. கூசாமல்.

எவன் எடுத்தான் அந்த எண்ணை என்று கோபம் வந்தது. யார் எந்த வரியை மாற்றினார்கள், யார் படித்துச் சரி சொன்னார்கள் என்பதெல்லாம் சேமிப்பில் இருக்கும். தேடினேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய திருத்தம். எழுதியவர் எங்கோ ஒரு நாட்டில் இருப்பவர். நான்கு பைட் இடம் மிச்சமாகும் என்று காரணம் சொல்லியிருந்தார்.

படித்துச் சரி சொன்னவன் நான்.

என் பெயரை மூன்று முறை படித்தேன். கீழே என் குறிப்புகள் இருந்தன. பத்தொன்பது குறிப்பு. பன்னிரண்டு, இடைவெளி விட்டதிலும் எழுத்துப் பிழையிலும். ஏழு, மாறிகளுக்கு வைத்த பெயர்களில். சுற்றை எண்ணும் எண் எடுக்கப்பட்ட வரிக்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது: ‘இடம் மிச்சம், நல்லது.’

வீட்டில் மாடிப்படி எத்தனை, சாலையில் போன லாரி எத்தனை, மாத்திரை அட்டையில் மிச்சம் எத்தனை என்று எண்ணுகிறவன் நான். எண்ணுவதற்கென்றே இருந்த ஒன்றைப் பிடுங்கி எறிய நானே ‘நல்லது’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனைவி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துவந்தாள். 170. எப்போதும் 140-தான்.

குத்தகைக்காரரைக் கூப்பிட்டனுப்பினேன். வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயர் இருந்த இடத்தையும் காட்டினேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“அப்ப ஒண்ணு பண்ணிடலாம் சார். தேய்க்க வேணாம்னு சொல்லிடறேன். மிஷின் ஒழுங்கா எழுதும்.”

“என்னப்பா சொல்ற? கம்பி போயிடும்ப்பா.”

“கம்பி போனா வேற கம்பி. பதிவு முக்கியம் இல்ல? அந்தப் பொம்பளையையும் சத்தமில்லாம வரச் சொல்லிடறேன். ஒங்க பேரும் வெளிய வராது.”

என் பேர் வெளியே வராது என்றதும், சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, இரண்டு விநாடி எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு, அவளிடம் போய்ச் சொல்லிவிட்டு வா, அவள் என்ன சொல்கிறாளோ அதன்படி செய்வோம் என்றேன். அவர் அங்கிருந்தே செல்போனில் பேசினார். ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“ஏம்மா, நாளைக்கு வேலைக்கு வந்துடு.”

“எதுக்கு மொதலாளி? பொய்க்காரிய எதுக்கு கூப்புடுறீங்க?”

“அதெல்லாம் விடும்மா. மிஷின்ல ஏதோ கோளாறாம். வந்து மோட்டார போடு.”

“பதினோரு பேர் முன்னாடி சொன்னீங்க. அந்த பதினோரு பேர் முன்னாடியே மிஷினுக்குத்தான் கோளாறுன்னு சொல்லுங்க. வர்றேன். என் மருமவ வூட்ல கேக்கறாங்க, உங்க மாமியா மோட்டார வுட்டுட்டு ஓடிட்டாங்களாமேன்னு. அவங்களுக்கு நான் இன்னா சொல்றது?”

“சரி, தேய்க்கறத மட்டும் நிறுத்திடு.”

“ஏன் மொதலாளி, அந்த மிஷினு எழுதணும்னு ஒங்க சாமானு துருப்புடிச்சி போவணுமா?” என்று கேட்டாள். அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

சுற்றை எண்ணும் எண்ணைத் திரும்ப வைத்து ஒரு திருத்தம் எழுதினேன். மேலே காரணம் எழுத வேண்டிய இடத்தில், ‘இரண்டு வருடத்துக்கு முன் நான் சரி சொன்னது தவறு. அதனால் செய்யாத தவறுக்கு ஒருவர் வேலை இழந்தார்’ என்று எழுதினேன். குழுவில் இரண்டு பேர் படித்தார்கள். ஒருவர் நான்கு குறை சொன்னார். ஒவ்வொன்றும் நியாயம். சரிசெய்தேன். இந்தக் கெர்னல் எத்தனை கருவிகளில் ஓடுகிறது என்று குழுவில் கேட்டேன். தெரியாது, எண்ண வழியில்லை என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் புதுச்சேரிக் கடைக்காரர் மடிக்கணினியோடு உப்பளத்துக்கு வந்து, மூன்றாவது ஷெட் பெட்டியில் புதிய நிரலை ஏற்றினார். நான் வற்புறுத்திக் கேட்டதால் குத்தகைக்காரர் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். எண்ணினேன், பதினொன்று. அவளும் வந்திருந்தாள், தள்ளி நின்றாள்.

நான் பேசினேன். இத்தனை பேர் முன்னால் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. மிஷின் தப்பாக எழுதாது என்று சொன்னவன் நான்தான், அது தவறு, மிஷின் எழுதியதை மிஷினே அழித்துவிட்டது, அழித்ததை மறைத்தும்விட்டது, அப்படி மறைக்கிற நிரலைப் படித்துவிட்டு நல்லது என்று சொன்னவனும் நான்தான் என்றேன். ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

பிறகு, பின்னால் இருந்து ஒரு ஆள், “அன்னிக்கு பாத்தி கரஞ்சது நண்டு வளையால சார். வரப்புல இந்தத் தண்டி ஓட்ட. கழித் தண்ணி உள்ள வந்துருச்சு. நான்தான் சேறு வெச்சி அடைச்சேன்” என்றார்.

குத்தகைக்காரர் திரும்பினார். “ஏன்டா, இத ஏன் சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க? போன பாத்துக்கினு இருந்தீங்க.”

அவர் முகம் கறுத்தது. நான் கடைக்காரரின் மடிக்கணினியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னார். குத்தகைக்காரர் ஷெட்டைத் திறந்தார். அவள் மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் வந்தது. ஐந்து நிமிடம் கழித்து நிறுத்தினாள். வாய்க்காலில் இறங்கி நாரால் கம்பிகளைத் தேய்த்தாள். முன்னைவிட அழுத்தித் தேய்த்த மாதிரி இருந்தது. ஒரு நிமிடம் காத்திருந்தோம். திரையில் வரிகள் வந்தன. மோட்டார் போட்டது. தண்ணீர் வந்தது. அதற்கு அடுத்த வரி: ‘இந்த இடத்தில் 341 செய்திகள் தொலைந்தன.’

நான் அதைச் சத்தமாகப் படித்தேன்.

அவள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். “இதுல நான் நிறுத்துனது எங்க சார்?”

“அது போயிடுச்சும்மா. அந்த முந்நூத்தி நாப்பத்தொண்ணுல அதுவும் ஒண்ணு.”

“அப்ப நாலு நாளா ஒக்காந்து இன்னாத்த சரி பண்ணீங்க?”

“போனத போச்சுன்னு சொல்ல வெச்சேன்.”

கூடை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். தேய்க்கும்போது இத்தனை வரி விழாமல் இருக்கவும், நிறுத்தியதைத் தனியாக எழுதவும் அடுத்த வாரம் ஏற்பாடு செய்வதாகக் கடைக்காரர் அவசரமாகச் சொன்னார். குத்தகைக்காரர் சிரிக்கவில்லை.

“அப்ப அந்த ஒம்போது நாளு சார்? அத எங்கருந்தாவது எடுக்க முடியாதா? கரண்டு மீட்டர் பாத்தா?”

“மூணு மோட்டாருக்கும் ஒரே மீட்டரு. மாசத்துக்கு ஒரு ரீடிங். அதுல பிரிக்க முடியாதுப்பா. அந்த ஒம்பது வரியும் இனிமே எங்கயும் இல்ல. காலையில மோட்டார் போட்டிருக்காங்க, அதனால நின்னுதான் இருந்திருக்கணும். அதுக்கு மேல தெரியணும்னா, இவங்களத்தான் கேக்கணும்.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். இத்தனை நாளில் அவர் அவளைத் திட்டியிருக்கிறார், சாவியைப் பிடுங்கியிருக்கிறார், போனில் கூப்பிட்டிருக்கிறார். அவளிடம் இதை ஒரு கேள்வியாகக் கேட்டதே இல்லை என்பது அவர் தயங்கி நின்ற விதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. நானும் கேட்டிருக்கவில்லை.

“நிறுத்திட்டுத்தான் போனியாம்மா?”

“நிறுத்திட்டுத்தான் போனேன் மொதலாளி.”

“ஒம்போது நாளுமா?”

“இருவத்தேழு நாளும்.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஷெட் சாவியை எடுத்து நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை.

“அன்னிக்கு கத்தி சொன்னீங்க” என்றாள்.

அவர் கூடைகளின் பக்கம் திரும்பி நின்றார். வரப்பின் அந்தப் பக்கத்தில் உப்பு மூட்டை கட்டிக்கொண்டிருந்த, இவருக்குச் சம்பந்தமே இல்லாத ஆள்களும் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, “இவ பொய் சொல்லல. நான் சொன்னதுதான் தப்பு” என்றார்.

அவள் சாவியை வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.